பிரசவம் மருத்துவமனையில்தான்



2023 ஆகஸ்டில் நமது கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே, வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் உயிரிழந்தார். பிள்ளை பிறந்தபின் ஏற்படும் கடும் இரத்தப்போக்கு, உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடலாம். முந்தைய பிரசவங்கள் சுகமாக நடந்தவருக்கும் இது நேரலாம். எவ்வளவு கைராசியான மருத்துவச்சியானாலும், ஏற்றுவதற்கு வீட்டில் இரத்தம் ஏது?

'ஆண் டாக்டர் இருப்பாரோ' என்ற தயக்கம் நமக்குப் புரிகிறது. பெண் மருத்துவரைக் கேட்கலாம். அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கவும் அனுமதி உண்டு. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவர் சிகிச்சை அளிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை.

கர்ப்பம் தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். வலி கண்டதும் 108ஐ அழையுங்கள், கட்டணமில்லை. அல்லாஹ் தாயையும் சேயையும் காப்பானாக, ஆமீன்.