மேப்பிள் பாகும் புட்டி மூடியும்

கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும், குளிர் தணியும் பருவத்தில் மேப்பிள் மரத்தின் நீரை வடித்துப் பாகு காய்ச்சுவது குடியானவர்களின் பழைய தொழிலாகும். நம் பதநீரைப் போலன்றி, இந்நீரில் இனிப்பு மிகக் குறைவு. ஏறத்தாழ 40 லிட்டர் சுண்டினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். இத்தனை விறகும் உழைப்பும் ஒரு மூடியின் குறையால் பூஞ்சணம் பூத்து வீணாவதுண்டு.

நீரின் கொதிநிலைக்கு மேல் 4 டிகிரி செல்சியஸ் ஏறியதும் பாகு பதமாகிறது. அதனை வடிகட்டி, 82 முதல் 88 டிகிரிச் சூட்டிலேயே புட்டியில் ஊற்றுதல் வேண்டும். சூடு குறைந்தால் பூஞ்சண வித்துக்கள் பிழைத்துவிடும். மிகுந்தால் சுண்ணாம்புச் சத்து மணல்போற் படிந்து பாகு கலங்கும். புட்டியையும் முன்னரே சூடாக்கிக் கொள்ளுதல் நலம். குளிர்ந்த கண்ணாடி பாகின் சூட்டை உறிஞ்சிவிடும். சிலபோது விரிசலும் காணும்.

கழுத்துவரை நிரப்பி, விளிம்பைத் துடைத்து, புது மூடியால் உடனே இறுக்குக. பழைய மூடியில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமே அன்று. பின்னர்ப் புட்டியைச் சில நிமிடங்கள் படுக்கையாகக் கிடத்தினால், சூடான பாகு மூடியின் உட்புறத்தையும் தூய்மை செய்யும். ஆறும்போது பாகு சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாவதால், வெளிக்காற்றின் அழுத்தமே மூடியை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

மெல்லிய தகர மூடியாயின், மறுநாள் அதன் நடுவில் விரலால் அழுத்திப் பார்க்கலாம். குழிந்து அசையாதிருப்பின் அடைப்பு நன்று. மேலெழும்பி ஒலித்தால், அப்புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து முதலில் செலவிட வேண்டும்.