பாட்டுப் பாடினால் ஆறு சுத்தமாகுமா?

பாட்டு மட்டும் போதாது. ஆனா, அதுல இருந்து தொடங்கலாம்!

1960களில் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் சாக்கடை நீரும் ஆலைக் கழிவும் கலந்தன. மக்கள் ஆற்றைவிட்டு ஒதுங்கினர்.

நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் யோசித்தார்: ஆற்றைப் பார்த்தால்தானே அக்கறை வரும்? அங்கு முன்பு ஓடிய பாய்மரக் கப்பலைப் போல ஒன்றைக் கட்ட, இசை நிகழ்ச்சிகள் மூலம் நிதி திரட்டப்பட்டது. 1969இல் 106 அடி நீளமுள்ள 'கிளியர்வாட்டர்' நீரில் இறங்கியது.

கப்பலில் என்ன நடக்கும்?

மாணவர்கள் பாய் இழுப்பார்கள், பாடுவார்கள், வலையில் சிக்கும் மீன்களை ஆராய்வார்கள். நீரில் ஆக்ஸிஜன் அளவையும் சோதிப்பார்கள்.

ஏன் ஆக்ஸிஜன்?

கிருமிகள் கழிவைச் சிதைக்கும்போது நீரிலுள்ள ஆக்ஸிஜன் குறையும். மீன்கள் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். "ஆறு நாறுது" என்றால் யார் கேட்பார்கள்? எண்ணைக் காட்டினால் மறுப்பது கஷ்டம்.

பலன் கிடைத்ததா?

1972இல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் கிளியர்வாட்டர் குழுவினரும் அடங்குவர். ஆனால் ஆலைகள் விட்ட பிசிபி ரசாயனம் சேற்றில் தங்கிவிட்டது. அதைத் தோண்டி அகற்றும் பணி 2009இல்தான் தொடங்கியது.

நம்ம சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யவும் 1977 முதல் 1987 வரை 10 ஆண்டு ஆனது. அழுக்காக்குவது சுலபம், சுத்தமாக்கத்தான் காலம் பிடிக்கும். அடுத்த தடவை ஆற்றோரம் நடக்கும்போது கொஞ்சம் நின்னு பாருங்க!