ஜனக்புரியில் இன்னும் முடியாத பிரிவினை

புது தில்லி: தலைநகரின் மேற்கே, திகார் சிறைக்கும் திலக் நகருக்கும் அருகே அமைந்துள்ளது ஜனக்புரி. தில்லி வளர்ச்சி ஆணையம் 1970-களில் உருவாக்கிய குடியிருப்பு இது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கு இயங்குவதால் தமிழர்களுக்கும் பரிச்சயமான பெயர். ஆனால், இப்பகுதியின் மூத்த குடும்பங்கள் பலவற்றின் பூர்விகத்தை இந்திய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. முல்தான், ராவல்பிண்டி, லாகூர், தேரா காஜி கான் என்று எல்லைக்கு அப்பால்தான் அதைத் தேட வேண்டும்.

1947 ஆகஸ்ட் 17-ஆம் தேதி வெளியிடப்பட்ட ராட்கிளிஃப் எல்லைக்கோடு, ஐந்தே வாரங்களில் வரையப்பட்டது. அதனால் இடம்பெயர்ந்தோர் ஒரு கோடிக்கும் அதிகம். 1941-இல் 9.18 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை, 1951-இல் 17.44 லட்சமாக உயர்ந்தது. பாகிஸ்தானிலிருந்து வந்து இங்கு குடியேறியோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர். ராஜிந்தர் நகர், படேல் நகர், திலக் நகர், லாஜ்பத் நகர் எனத் தலைவர்களின் பெயரில் எழுந்த குடியிருப்புகள் அவர்களுக்கானவை. அங்கு வளர்ந்த அடுத்த தலைமுறையினர் பலர் பின்னர் ஜனக்புரிக்குப் பெயர்ந்தனர்.

இது கதையின் ஒரு பாதிதான். புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் அடைக்கலம் புகுந்த தில்லி முஸ்லிம்கள் பெரும் எண்ணிக்கையில் பாகிஸ்தானுக்குச் சென்றனர். 1941-இல் இந்நகரில் மூவரில் ஒருவராக இருந்த முஸ்லிம்கள், 1951-இல் நூற்றுக்கு 6 பேராகச் சுருங்கினர். எஞ்சியோரின் பாதுகாப்புக்காகத்தான் 1948 ஜனவரி 13-ஆம் தேதி காந்தியடிகள் தமது கடைசி உண்ணாவிரதத்தைத் தில்லியில் தொடங்கினார். அம்மாதம் 30-ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எல்லை கடந்த தலைவர்கள்

பிரிவினையின் வடு தில்லி அரசியலிலும் பதிந்தது. ஜனக்புரி தொகுதியில் 1993 முதல் 2013 வரை தொடர்ந்து ஐந்து பேரவைத் தேர்தல்களில் வென்ற பாஜகவின் ஜகதீஷ் முகி பிறந்தது, தேரா காஜி கான் மாவட்டத்தில். 2015-இல் தோல்வியுற்ற அவர், 2017-இல் அசாம் ஆளுநரானார். அவரது பதவிக்காலத்தில்தான் 2019 ஆகஸ்ட் 31-ஆம் தேதி அசாமின் தேசியக் குடிமக்கள் பதிவேடு வெளியாகி, 19 லட்சத்துக்கும் அதிகமானோரின் பெயர்கள் விடுபட்டன. எல்லை கடந்து வந்த ஒருவர் ஆளுநராக இருந்த மாநிலத்தில், யார் எல்லை கடந்தவர் என்ற கணக்கெடுப்பு நடந்தது வரலாற்றின் விசித்திரம்.

கராச்சியில் பிறந்த அத்வானி இந்தியாவின் துணைப் பிரதமரானார். இன்றைய பாகிஸ்தானிலுள்ள காஹ் கிராமத்தில் பிறந்த மன்மோகன் சிங் பிரதமரானார். பழைய தில்லியில் பிறந்த முஷாரஃப்பும் ஜலந்தரில் பிறந்த ஜியா-உல்-ஹக்கும் பாகிஸ்தானை ஆண்டனர். தாம் பிறந்த கராச்சிக்கு 2005-இல் சென்ற அத்வானி, ஜின்னாவைப் பாராட்டிப் பேசியதற்காகத் தமது கட்சியிலேயே கடும் எதிர்ப்பைச் சந்தித்து, அவ்வாண்டின் இறுதியில் தலைவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. நாட்டின் துணைப் பிரதமராக இருந்தவருக்கே எல்லைக்கு அப்பாலுள்ள நினைவு அத்தனை விலை கேட்டது.

தமிழகத்தின் பங்கு

இந்துக்களும் முஸ்லிம்களும் இரு தனித் தேசங்கள் என்ற கருத்து ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமானதன்று. முஸ்லிம் லீகின் லாகூர் தீர்மானம் 1940 மார்ச்சில் நிறைவேறியது. அதற்கு முன்பே, 1937-இல் அகமதாபாத் இந்து மகாசபை மாநாட்டுத் தலைமையுரையில் இந்தியாவில் இரு தேசங்கள் இருப்பதாக சாவர்க்கர் குறிப்பிட்டார். ஒன்றின் அச்சத்தில் மற்றொன்று வளர்ந்தது.

இக்கட்டத்தில் சமரசம் தேடியவர் ராஜாஜி. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மாவட்டங்களில் அனைத்து மக்களிடமும் வாக்கெடுப்பு நடத்தலாம். பிரிவதானால் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து ஆகியவற்றில் உடன்பாடு காணலாம் என்பது 1944-இல் அவர் முன்வைத்த திட்டம். ஜின்னா அதை ஏற்கவில்லை. பிரிவினைக்குப் பிறகு, 1948 மார்ச் 10-ஆம் தேதி சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது. அதன் தலைவர் காயிதே மில்லத், அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழியாக்க வாதிட்டவர். சமயம் வேறு, தேசம் வேறு என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

அன்று நிராகரிக்கப்பட்ட திருத்தம்

1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபை குடியுரிமைப் பிரிவுகளை விவாதித்தது. வேறெந்த நாட்டின் குடிமகனாகவும் இல்லாத ஒவ்வோர் இந்துவுக்கும் சீக்கியருக்கும் இந்தியக் குடியுரிமை வழங்க வேண்டும் என்று பஞ்சாப்ராவ் தேஷ்முக் திருத்தம் கொண்டுவந்தார். பிரிவினையின் ரத்தம் உலராத நாள்கள் அவை. எனினும் சபை அத்திருத்தத்தை நிராகரித்தது. பாகிஸ்தானிலிருந்து வந்தோருக்குக் குடியுரிமை அளிக்கும் 6-ஆவது பிரிவில் எந்த மதத்தின் பெயரும் இல்லை.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு அது வழிவகுக்கிறது. விதிகள் 2024 மார்ச் 11-இல் அறிவிக்கப்பட்டன. துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தோருக்கு அடைக்கலம் தேவை என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. அடைக்கலத்துக்கு மதமும் நாடும் அளவுகோலாகலாமா என்பதே கேள்வி.

ஜனக்புரியை அடுத்த திலக் நகரில் ஆப்கானிய சீக்கியர்கள் கணிசமாக வாழ்கின்றனர். 2020 மார்ச்சில் காபூல் குருத்வாரா தாக்குதலில் 25 பேர் கொல்லப்பட்ட பின்னரும், 2021-இல் தாலிபான் ஆட்சி திரும்பிய பின்னரும் வந்தவர்களுக்கு இச்சட்டம் உதவாது. கெடு தேதியை அவர்கள் தவறவிட்டவர்கள். 1983 முதல் வந்த இலங்கைத் தமிழ் அகதிகளோ, பெரும்பாலும் இந்துக்களாக இருந்தும், பட்டியலிலேயே இல்லை. தமிழகத்தில் முகாம்களிலும் வெளியிலுமாக அவர்கள் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர். 2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்ததே தவிர, குடியுரிமை அளிக்கவில்லை. மாநிலங்களவையில் இச்சட்டத்தை ஆதரித்தவர்களுள் அதிமுக உறுப்பினர்களும் இருந்தனர். 2021 செப்டம்பரில் திமுக ஆட்சியில் தமிழகப் பேரவை இதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

மூடிய கதவுகள்

நான்கு போர்களுக்கு இடையிலும் இரு நாடுகளும் சில கதவுகளைத் திறந்தே வைத்திருந்தன. 1976-இல் சம்ஜௌதா ரயிலும், 1999 பிப்ரவரியில் தில்லி-லாகூர் பேருந்தும் தொடங்கின. 2019 ஆகஸ்டில் இரண்டும் நின்றன. 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றதைத் தொடர்ந்து, 1960-ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது; அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது; பாகிஸ்தானியரின் விசாக்கள் ரத்தாயின. மே 7 முதல் 10 வரை இரு நாடுகளும் மோதிக்கொண்டன.

அப்பாவிகளைக் கொல்லும் பயங்கரவாதத்துக்குப் பதிலடி கொடுப்பது அரசின் கடமை. ஆனால் கதவு மூடப்படும்போது, முதலில் நசுங்குவது இருபுறமும் உறவினர் உள்ள எளிய குடும்பங்களின் விரல்களே. பிரிவினையை நேரில் கண்டவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். ஆகஸ்ட் 14-ஆம் தேதி பிரிவினைக் கொடுமைகள் நினைவு தினமாக அனுசரிக்கப்படும் என 2021-இல் பிரதமர் அறிவித்தார். நினைவுகூர்வது நன்று. லாகூரிலிருந்து வந்த ரயில்களில் கிடந்த சடலங்களுடன், லாகூருக்குச் சென்ற ரயில்களில் கிடந்த சடலங்களையும் சேர்த்து நினைவுகூர்ந்தால்தான் அது முழுமை பெறும். தேஷ்முக்கின் திருத்தத்தை நிராகரித்த 1949-ஆம் ஆண்டின் சபை, அந்த இரண்டையும் கண்ணெதிரே கண்டிருந்தது.