காரின் பின்பக்கத்தில் ஊளைச் சத்தமா? எப்போது கேட்கிறது என்று கவனியுங்கள்

பழைய கார் வேகம் பிடிக்கும்போது பின்பக்கத்திலிருந்து ‘ஊ...’ என்று ஒரு சத்தம் வரும். வானொலியைக் கூட்டி வைத்து ஓட்டிவிடுகிறவர்கள் பலர். மற்றவர்கள் பட்டறையில் “பின்னால சத்தம் கேட்குது, பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். பிறகு ஊகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாறும், கடைசியில் காரணம் டயர் என்று தெரியவரும். அதற்குள் சம்பளத்தில் பாதி போயிருக்கும்.

முதலில் உங்கள் காரை எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1985-இல் வந்த புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கான்சில், பிறகு வந்த மைவி எல்லாமே முன்சக்கர இழுவை. இவற்றின் பின்பக்கம் கியர் பெட்டியே கிடையாது. மைவிக்குப் ‘பின் கியர் போய்விட்டது’ என்று யாராவது சொன்னால் வேறு பட்டறையைப் பாருங்கள். டட்சன் 120Y, பழைய கொரோலா KE70, டொயோட்டா அன்சர், ஹைலக்ஸ் போன்றவை வேறு ரகம். இவற்றில் நீண்ட தண்டு ஒன்று இன்ஜின் சக்தியைப் பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டைப் பெட்டிக்குக் கொண்டுபோகிறது. அதுதான் டிஃபரன்ஷியல்.

இதில் கோளாறா என்று அறிய நடமாட்டம் குறைந்த நேரான சாலை போதும். மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் எண்ணெய் மிதியை அழுத்துங்கள், பிறகு காலை எடுங்கள். அழுத்தும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் அடங்கினாலோ மாறினாலோ டிஃபரன்ஷியலைச் சந்தேகிக்கலாம். சோதனைக்காக ஓடும் காரின் சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

பல கார்களில் இந்தப் பெட்டியின் கியர் எண்ணெயை யாரும் வருடக்கணக்கில் பார்ப்பதே இல்லை. சீல் கசிந்து எண்ணெய் குறைந்தால் பற்கள் தேயும். செம்பனைத் தோட்டச் சாலைகளில் மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போனால் எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறிவிடும். அந்த நிலையில் எண்ணெய் மாற்றினால் செலவு சிறிது. பற்கள் தேய்ந்த பிறகு எண்ணெய் மாற்றி எந்தப் பயனும் இல்லை. கெட்டி எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அமுக்கி விற்கிறவர்களும் உண்டு. ஆகவே பழைய கார் வாங்குமுன் அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கிய பிறகு காது கொடுங்கள்.

மிதியை அழுத்தினாலும் விட்டாலும் மாறாமல், வேகத்துக்கேற்ப ‘உர்ர்...’ என்று உறுமினால் சக்கர பியரிங் காரணமாக இருக்கலாம். வளைவில் தெரிந்துவிடும். கார் இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பியரிங்தான். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், கெட்டுப்போன பியரிங்கின் கரகரப்பு கைக்குத் தெரியும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. முற்றிப்போன பியரிங் நெடுஞ்சாலையில் இறுகிக்கொள்ளும், சக்கரமே கழன்று போகவும் கூடும். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படும் முன் பட்டறைக்குப் போய்விடுங்கள்.

சாலை மாறும்போது சத்தமும் மாறினால் டயரைப் பாருங்கள். மேற்பரப்பைத் தடவினால் படிப்படியாக மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருப்பது தெரியும். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டதும் சத்தம் முன்னால் போய்விட்டால் சந்தேகமே வேண்டாம்.

நின்றிருக்கும்போதும் பின் இருக்கைக்கு அடியில் கீச்சென்று ரீங்காரம் கேட்டால், அது தொட்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். சாவியைத் திருப்பியதும் ஓரிரு விநாடி முனகுவது இயல்பு, விடாமல் கத்துவதுதான் கோளாறு. ஃபில்டர் அடைத்திருக்கலாம். பல கார்களில் இந்தப் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். பத்து வெள்ளி, பத்து வெள்ளியாக ஊற்றி எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டினால் அதன் ஆயுள் குறையும். கையில் காசு இருக்கும் அளவுக்குத்தானே ஊற்ற முடியும் என்பது நியாயம்தான், ஆனாலும் கால் தொட்டிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பட்டறையில் இத்தனையையும் சொல்லுங்கள்: எந்த வேகத்தில், மிதியில் கால் இருக்கும்போதா, எந்த வளைவில். முடிந்தால் மெக்கானிக்கை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். பியரிங்கை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கி, விரலில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். மணல் போல உரசினால் மாற்றியது சரி.