ஆம்புலன்ஸ் வரும்வரை: பெற்றோர் கையிலிருக்கும் நிமிடங்கள்

ஓர் இரவு, ஒன்பது மாதக் குழந்தையை மார்போடு அணைத்தபடி ஒரு பாட்டி எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஓடிவந்தார். பின்னால் பெற்றோர். வீட்டில் எல்லோரும் வேகவைத்த நிலக்கடலை தின்றுகொண்டிருந்தபோது, ஐந்து வயது அண்ணன் தம்பிக்கும் ஆசையாக ஒன்றை ஊட்டியிருக்கிறான். குழந்தை இருமியது, பிறகு இருமலும் நின்றது, முகம் நீலம் பாய்ந்தது. வீட்டார் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார்கள். வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினார்கள். பின்னர் ஆட்டோவில் ஏறிப் புறப்பட்டார்கள். இங்கு வந்து சேர 20 நிமிடங்கள் ஆயின.

அடைத்திருந்த கடலையை எடுத்தோம். நெடுநேரம் முயன்றோம். குழந்தையை மீட்க இயலவில்லை.

பாட்டி கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்லயே நாங்க ஏதாச்சும் செஞ்சிருக்கணுமா டாக்டர்?"

அந்த நேரத்தில் அதற்கு நேரான விடையை நாங்கள் கூறவில்லை. கூறும் துணிவும் எங்களுக்கு இல்லை. ஆனால் விடை உண்டு. செய்யத்தக்கது ஒன்று இருந்தது. அதை அவர்களுக்கு எவரும் கற்றுத் தந்திருக்கவில்லை. பிரசவத்திற்கும் தடுப்பூசிகளுக்குமாக எத்தனையோ முறை மருத்துவமனைப் படியேறிய குடும்பம் அது. ஒருமுறையேனும் கற்றுக்கொடுக்காமல் அனுப்பியது மருத்துவர்களாகிய எங்கள் குறை. இக்கட்டுரை யாரையும் குற்றம் சாட்டுவதற்காக அன்று. அந்தக் கேள்வி இன்னொரு வீட்டில் எழாதிருக்க வேண்டும் என்பதற்காக.

முதலில் நிற்பது மூச்சு

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் முதலில் நிற்கிறது; மூச்சு அதைத் தொடர்கிறது. குழந்தைகளிடம் இது தலைகீழ். புரையேறுதல், நீரில் மூழ்குதல், கடுமையான சளிக்காய்ச்சல் போன்றவற்றால் முதலில் மூச்சு தடைப்படுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய, நலமாக இருந்த இதயமும் சோர்ந்து நிற்கிறது. ஆகவே மூச்சை உடனே மீட்டால், இதயம் நிற்பதற்கு முன்பே குழந்தையைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு.

அந்த வாய்ப்புக்குரிய காலம் மிகக் குறுகியது. ஆக்சிஜன் முற்றிலும் நின்றுபோனால் 4 முதல் 6 நிமிடங்களுக்குள் மூளைக்குச் சேதம் தொடங்கிவிடுகிறது. 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும், அந்த நிமிடங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே கழிந்துவிடும். அப்போது குழந்தையின் அருகில் இருப்பவரே அதன் முதல் மருத்துவர்.

புரையேறினால்

புரையேறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். சாதாரண இருமல் தானே அடங்கிவிடும். தட்டுவதால் பயனும் இல்லை, கேடும் இல்லை. மூச்சுக்குழல் முழுவதும் அடைபட்டால் கதை வேறு. கைக்குழந்தையின் மூச்சுக்குழல் ஒரு பென்சிலைவிடக் குறுகியது. ஒரு கடலையோ, திராட்சையோ, புளியங்கொட்டையோ அதை மூடிவிடப் போதும்.

குழந்தை பலமாக இருமினாலோ, குரலெடுத்து அழுதாலோ, காற்று உள்ளே சென்றுவருகிறது என்று பொருள். அப்போது இருமவிடுங்கள், அருகிலிருந்து கவனியுங்கள். குரல் எழவில்லை, இருமல் வலுவிழந்தது, முகமோ உதடோ நீலமாகிறது என்றால் கணமும் தாமதியாதீர்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை உங்கள் முன்கையின்மீது குப்புறக் கிடத்துங்கள். தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும், விரல்களால் தாடையைத் தாங்கிக்கொள்ளுங்கள், கழுத்தை அழுத்தாதீர்கள். மறுகையின் உள்ளங்கை அடிப்பகுதியால், இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே 5 முறை உறுதியாகத் தட்டுங்கள். பொருள் வெளிவரவில்லையெனில் குழந்தையை மல்லாத்தி, தலையைத் தாழ்த்தியவாறே, மார்பின் நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளிவரும்வரை, அல்லது குழந்தை அழத் தொடங்கும்வரை, இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை மூன்று. கால்களைப் பிடித்துத் தலைகீழாக உலுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள்; அது பொருளை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றை அழுத்தாதீர்கள், கல்லீரல் காயமடையக்கூடும்.

மூச்சு நின்றுவிட்டால்

குழந்தை துவண்டு கிடந்தால், உள்ளங்காலைத் தட்டி, பெயர் சொல்லி அழையுங்கள். அசைவில்லையெனில் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இதற்கு 10 விநாடிகளுக்கு மேல் செலவிட வேண்டாம். விட்டுவிட்டுத் திணறி இழுப்பது மூச்சாகாது. உடனே உதவிக்குக் குரல் கொடுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், மற்றவர் சி.பி.ஆர். எனப்படும் இதய நுரையீரல் மீட்பு முதலுதவியைத் தொடங்கட்டும். தனியாக இருந்தால் கைப்பேசியில் 108-ஐ அழைத்து, ஒலிபெருக்கியை இயக்கி அருகில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கைப்பேசி இல்லையெனில், முதலில் 2 நிமிடங்கள் இம்முதலுதவியைச் செய்துவிட்டுப் பிறகு உதவி தேடுங்கள்.

குழந்தையைத் தரை அல்லது மேசை போன்ற கெட்டியான இடத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரு கட்டைவிரல்களையும் மார்பின் நடுவில், முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அப்படிப் பிடிக்க இயலாவிட்டால் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியைப் பயன்படுத்தலாம். மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 4 செ.மீ., உள்ளே செல்லுமாறு 30 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் மேலெழ விடுங்கள். வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை. 30 அழுத்தங்களும் 15 முதல் 18 விநாடிகளுக்குள் முடிய வேண்டும். வாய்விட்டு எண்ணுவது உதவும்.

அடுத்து, குழந்தையின் தலையை நேராக வையுங்கள். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் பின்னால் வளைக்க வேண்டாம். தாடையைச் சற்றே உயர்த்தி, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மார்பு எழும் அளவுக்கு மட்டும் மெல்ல 2 முறை ஊதுங்கள். மீண்டும் 30 அழுத்தங்கள், 2 மூச்சுகள். குழந்தை மூச்சுவிடத் தொடங்கும்வரை, அல்லது ஆம்புலன்ஸ் ஊழியர் பொறுப்பேற்கும்வரை நிறுத்தாதீர்கள். புரையேறி நினைவிழந்த குழந்தைக்கும் இதையே செய்ய வேண்டும். மூச்சு கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

"பிஞ்சு மார்பு, எலும்பு முறிந்துவிடுமே" என்று பலர் அஞ்சுகிறார்கள். குழந்தையின் விலா எலும்புகள் வளையும் தன்மையுடையவை, முறிவது அரிது. முறிந்தாலும் எலும்பு கூடிவிடும். மூச்சற்ற குழந்தைக்கு ஒன்றும் செய்யாதிருப்பதே பெரிய ஆபத்து.

வீட்டில் நேரும் வேறு விபத்துகள்

சூடான சாம்பாரோ தேநீரோ கொட்டினால், குழாயில் ஓடும் குளிர்ந்த நீரைப் புண்ணின்மேல் 20 நிமிடங்கள் விடுங்கள். பற்பசை, மை, மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். உடலின் பிற பகுதி குளிர்ந்துவிடாமல் போர்த்திவிடுங்கள்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. வாயில் கரண்டியோ தண்ணீரோ வைப்பது ஆபத்து. 5 நிமிடங்களில் நிற்கவில்லையெனில் 108-ஐ அழையுங்கள்.

மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். வட்ட வடிவச் சிறு பேட்டரியை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இவற்றினும் எளிது தடுத்தல். நான்கு வயதுவரை முழுக் கடலை, முந்திரி, முழுத் திராட்சை வேண்டாம். அழும் குழந்தைக்குச் சங்கிலோ பாலாடையிலோ பால் புகட்டாதீர்கள். குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். குளியலறை வாளியில் நீரைத் தேக்கி வைக்காதீர்கள்; தவழும் குழந்தைக்குச் சாணளவு நீரும் ஆபத்தே.

படித்தால் மட்டும் போதாது

நீச்சலைப் புத்தகத்தில் கற்க இயலாததுபோல, இதையும் படித்து மட்டும் கற்க இயலாது. எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், எவ்வளவு மெல்லிய மூச்சு என்பதைக் கைகள் பயிற்சிப் பொம்மையில்தான் உணர்கின்றன. பயிற்சி பெற்றவரும் சில மாதங்களில் மறக்கத் தொடங்குவார். இடையிடையே புதுப்பித்துக்கொள்வது நன்று.

இம்முதலுதவி ஒவ்வொரு குழந்தையையும் மீட்டுவிடும் என்று நாங்கள் வாக்குறுதி தர இயலாது. மீளும் வாய்ப்பைக் கூட்டும் என்று உறுதியாகக் கூறுவோம். குறைமாதத்தில் பிறந்து எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய குழந்தை ஒன்றுக்கு, சில வாரங்களில் பால் புரையேறி மூச்சு நின்றது. வீடு திரும்புமுன் பயிற்சி பெற்றிருந்த தாய், பதறினாலும் கைகள் பழகியதைச் செய்தார். ஆம்புலன்ஸிலிருந்து இறங்கும்போதே அந்தக் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

தாய்க்கு மட்டும் கற்பிப்பது போதாது. பிரசவத்திற்குப் பின் குழந்தை தாய்வீட்டில் வளர்கிறது. தாய் வேலைக்குத் திரும்பியபின் பாட்டியின் மடியில் வளர்கிறது. ஆகவே தந்தை, தாத்தா, பாட்டி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்கம்பக்கத்தார் எல்லோரும் கற்க வேண்டும். அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது அவர்களையும் அழைத்து வாருங்கள். பயிற்சிப் பொம்மையை எடுத்துவரும்படி எங்கள் செவிலியரிடம் கேளுங்கள். நாங்கள் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். கற்றுத்தருவது எங்கள் கடமை.