நிழல் தெற்கே விழும் நாள்

ஜூன் 21. சென்னையில் ஒரு மொட்டைமாடி. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, பகல் 12.11 மணிக்குப் பாருங்கள். நிழல் 18 சென்டிமீட்டர் நீளத்தில் நேர் தெற்கே விழும். ஆண்டில் எட்டு மாதம் வடக்கே விழுகிற நண்பகல் நிழல்தான் இது. டிசம்பர் 21 அன்று இதே குச்சியின் நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் நீண்டு கிடக்கும்.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. ஜூன் 21 வாக்கில் சூரியன் கடக ரேகைக்கு நேர் மேலே நிற்கும். சென்னை அந்த ரேகைக்குத் தெற்கே இருப்பதால், சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. கன்னியாகுமரிக்குப் போனால் தெற்கு நிழல் 27 சென்டிமீட்டராக நீளும். சூரியன் வடகோடியை எட்டித் திரும்பும் இந்த நாளே கோடைக்காலக் கதிர்த்திருப்பம். சென்னைக்கு அன்றுதான் ஆண்டின் மிக நீண்ட பகல்: ஏறத்தாழ 12 மணி 54 நிமிடம்.

நீண்ட பகல் என்றால் வெயிலும் உச்சமாக இருக்க வேண்டாமா? சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து நிழலில்லா நாள் அமைவது ஏப்ரல் 24 வாக்கில். அந்தச் சூட்டில் நிலம் காய்ந்து, மே மாதம் கத்திரி வெயில் கொளுத்துகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மேகங்களைக் கொண்டுவர, குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது.

ஜூன் 21 இரவு மேகம் விலகினால் எட்டு மணிக்கு மீண்டும் மாடிக்கு வாருங்கள். ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே செம்மஞ்சளாக மின்னுவது சுவாதி. அதற்குத் தெற்கே வெண்ணீலமாகச் சித்திரை. தென்கிழக்கில் விருச்சிகத்தின் நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை. பஞ்சாங்கத்தில் தினமும் படிக்கும் பெயர்கள் அங்கே ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

அந்தப் பஞ்சாங்கமோ, சூரியன் தெற்கே திரும்பும் தட்சிணாயனம் ஆடி 1 அன்று, அதாவது ஜூலை 17 வாக்கில் பிறப்பதாகச் சொல்கிறது. குச்சி காட்டிய நாளுக்கும் இதற்கும் மூன்றரை வாரத்துக்கு மேல் இடைவெளி. பஞ்சாங்கம் மாதங்களை நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சோ, வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதுபோல் மெல்லச் சுழல்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள்; ஒரு பாகை நகர ஏறத்தாழ 72 ஆண்டுகள். அதனால் கதிர்த்திருப்பம் நட்சத்திரக் கணக்கை முந்திக்கொண்டே வருகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன.

இதை நீங்களே அளக்கலாம். ஜூன் 21 நிழலின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் கழித்தும் நிழல் மூன்று மில்லிமீட்டர்தான் சுருங்கியிருக்கும். திரும்பும் வேளையில் சூரியன் அவ்வளவு நிதானம். ஆடி முதல் நாள் நண்பகலில், 12.15 மணி வாக்கில், நிழல் 14 சென்டிமீட்டராகியிருக்கும்; அங்கும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே நான்கு விரற்கடைகூட இராது. அந்தச் சிறு இடைவெளியில்தான் பூமி 1,700 ஆண்டுகளாகத் தலையாட்டிய கணக்கு இருக்கிறது.