மூட்டைப்பூச்சிக்கு நஞ்சு வேண்டாம், சூடு போதும்

ஒருநாள் காலையில் பேரனின் முதுகில் ஒரே வரிசையில் மூன்று தடிப்புகளைக் கண்டேன். நுளம்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கழுத்திலும் கையிலும் தடிப்புகள். தலையணை உறையில் மை தெறித்தது போலக் கரும்புள்ளிகள். மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பார்த்தபோது, மைசூர்ப் பருப்பளவுப் பூச்சிகள் ஓடி ஒளிந்தன. மூட்டைப்பூச்சி!

அயலுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் எனக்கு வந்த முதல் எண்ணம். இரண்டாவது எண்ணம் அதைவிட மோசமானது. வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்து கொட்டிலில் இருந்தது. அதைத் தண்ணீரில் கலந்து மெத்தைக்கு அடிப்போம் என்று போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் படலையைத் திறந்துகொண்டு வந்த மச்சாள் கேட்டாள்: "உதை அடிச்சுப்போட்டு இரவைக்கு ஆரை அதிலை படுக்க விடப்போறியள்? பிள்ளையையோ?"

போத்தலைக் கீழே வைத்துவிட்டேன். வெள்ளாங்குளத்தில் எங்களில் பலர் கமக்காரர். நஞ்சு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெட்கப்பட என்ன இருக்கிறது?

மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. இரத்தத்தைத் தேடி வருகிறது. பயணப் பையிலும், பழைய தளபாடத்திலும், உடுப்பு மூட்டையிலும் ஒளிந்து வரும். எங்கள் வீட்டுக்கு அது மகள் வேலைக்காகத் தங்கியிருந்த விடுதியிலிருந்து பெட்டியோடு வந்தது. 2008 இல் இடம்பெயர்ந்து, பிறகு முகாமில் நெருங்கிப் படுத்த நாட்களில், பக்கத்துக் கூடாரத்துப் பெண்களும் நாங்களும் சேர்ந்தே பூச்சி தேடினோம். அன்று ஒருவருக்கும் வெட்கம் இருக்கவில்லை. சொந்த வீட்டில் மட்டும் ஏன்?

இந்தப் பூச்சி மனிதருக்கு நோயைப் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சொறிந்த இடம் புண்ணாகும். பிள்ளையின் நித்திரை கெடும்.

மருந்து ஏன் கைகொடுப்பதில்லை?

மலேரியாவை ஒழிக்க ஒருகாலத்தில் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு டிடிடியும் பின்னர் மலத்தியனும் அடித்தார்கள். நுளம்போடு மூட்டைப்பூச்சியும் அந்த மருந்துகளைச் சந்தித்தது. தப்பியவை பெருகின. இலங்கை மூட்டைப்பூச்சிகள் டிடிடி உட்படப் பல மருந்துகளுக்கு எதிர்ப்புத்தன்மை பெற்றிருப்பதை, பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆக, நாம் அடிக்கும் நஞ்சுக்குப் பூச்சி தப்பிவிடலாம், பிள்ளை தப்புமா? 2018 இல் எகிப்தின் ஹுர்காடா நகர ஹோட்டலில், அடுத்த அறையில் மூட்டைப்பூச்சிக்கு அடித்த மருந்தின் ஆவியால் ஒரு தம்பதியர் இறந்தனர். கட்டிலுக்கு மண்ணெண்ணெய் பூசுவதும் ஆபத்து. ஒரு குப்பி விளக்கு சரிந்தால் போதும்.

எவ்வளவு சூடு வேண்டும்?

சூட்டுக்கு மூட்டைப்பூச்சி எளிதில் பழகிக்கொள்வதில்லை. 45 பாகை செல்சியஸ் சூட்டில் வளர்ந்த பூச்சி சாக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வேண்டும். முட்டைக்கோ அதே சூட்டில் 7 மணி நேரம் தேவை. சூடு 55 பாகையை எட்டினால் முட்டையும் உடனே அழியும். முட்டை இருக்கும் இடுக்கு வரை அந்தச் சூடு போய்ச் சேரவேண்டும். அதுதான் முக்கியம்.

வெயிலில் போட்டால் போதாதா?

என் அம்மா பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டுத் தட்டுவார். பாய்க்கு அது நல்லதுதான். மெத்தைக்கு அது போதாது. எங்கள் பக்கத்து வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் காற்றின் வெப்பம் 45 பாகைக்கு ஏறாது. சோளகக் காற்று வேறு சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் மெத்தையைக் கறுப்புப் பொலித்தீனால் சுற்றி வெயிலில் வைத்துப் பார்த்து, 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். மேற்பக்கம் நன்றாகக் கொதித்தது. அடிப்பக்கம் பூச்சி சாகும் அளவுக்குச் சுடவில்லை. பூச்சிக்கு அடிப்பக்கம் போக வழி தெரியாதா என்ன?

நான் செய்தது இதுதான்

துணிகள்: விரிப்பு, போர்வை, உறை, உடுப்பு எல்லாவற்றையும் அறையிலேயே பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுவந்தேன். கொதிநீரும் கிணற்றுநீரும் சம அளவில் கலந்தால் ஏறத்தாழ 65 பாகை வரும். அதில் துணிகளை முழுதும் அமிழ்த்தி, பாத்திரத்தை மூடி அரை மணி நேரம் வைத்தேன். ஆறிப்போகாமல் இடையில் கொதிநீர் சேர்த்தேன். பிறகு வழக்கம்போலத் தோய்த்துக் காயவிட்டேன்.

கட்டில்: முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பலகைகளைக் கழற்றினேன். பொருத்துகளிலும் வெடிப்புகளிலும் ஆணித் துளைகளிலும் கேத்திலால் கொதிநீரை மெதுவாக ஊற்றினேன். இரும்புக் கட்டில் என்றால் குழாய்களின் வாய்க்குள்ளும் ஊற்றவேண்டும். பிள்ளைகளைத் தூர நிறுத்திவிட்டே இதைச் செய்யுங்கள்.

மெத்தை: எங்களுடையது தும்பு மெத்தை. தடித்த துணியை நனைத்துத் தையல் ஓரங்களில் போட்டு, அதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை மெல்ல மெல்ல நகர்த்தினேன். ஆவி தையலுக்குள் இறங்கும். பின்னர் மெத்தையை நன்றாகக் காயவிட்டேன். ரப்பர், பஞ்சுறை மெத்தைகளுக்கு இது பொருந்தாது, சூட்டில் பழுதாகலாம்.

கட்டில் கால்கள்: கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, ஒவ்வொரு காலின் கீழும் சவர்க்காரத் தண்ணீர் விட்ட ரின் வைத்தேன். அந்தத் தண்ணீரை மூன்று நாளுக்கொரு முறை மாற்றவேண்டும். இல்லாவிட்டால் மூட்டைப்பூச்சியை விரட்டி டெங்கு நுளம்பை வளர்த்தவர்களாவோம். விரிப்பு நிலத்தில் முட்டவும் கூடாது.

ஒரு நாளோடு முடியாது

தப்பிய முட்டைகள் ஓரிரு வாரத்தில் பொரிக்கும். அதனால் வாரம் ஒரு நாளை ஒதுக்கி ஆறு வாரம் இதையே செய்தேன். ஐந்தாவது வாரத்தில் ஒரு குஞ்சுப் பூச்சியும் கண்ணில் படவில்லை. அதன்பிறகும் ஒரு மாதம் ரோச் லைட்டால் தையல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேரன் விடியும்வரை தூங்குகிறான்.

கடைசியில் அயலிலும் சொல்லிவிட்டேன். "எங்களிட்டையும் இருக்கு, சொல்ல வெட்கமாக் கிடந்தது" என்று இரண்டு வீட்டார் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை மூன்று வீட்டுக் கட்டில்களும் ஒரே முற்றத்தில் நின்றன. பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதித்தது. கொட்டிலில் இருந்த அந்தப் போத்தல் இப்போது பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு போத்தல் இருந்தால், இன்றே அதைப் பூட்டிவையுங்கள்.